சாவித்திரியைத் தெரியும், மிஹிர் சென் யாரென்று தெரியாது

தனுஷ்கோடிப் பக்கம் யாரிடமாவது புயலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் பேச்சு ஜெமினி கணேசன், சாவித்திரியில் போய் நிற்கும். 1964 டிசம்பரில் புயல் அடித்தபோது இருவரும் ராமேஸ்வரத்தில் இருந்தது உண்மைதான். அதற்கு மேல் ஆளுக்கொரு கதை. கடலோடு போன பாம்பன் பாசஞ்சர் ரயில்கூட அப்புறம்தான் வரும்.

போன மாசி மாதம் தனுஷ்கோடிக்குப் பக்கத்தில் கம்பிப்பாட்டில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு கிழிசலை முடிந்துகொண்டிருந்தார். அவரும் சாவித்திரியில்தான் ஆரம்பித்தார். எனக்கோ விளையாட்டுப் பைத்தியம். "மிஹிர் சென் இங்கே கரையேறினாரே, தெரியுமா ஐயா?" என்றேன்.

"எந்தப் படத்துல நடிச்சாரு?"

கல்கத்தா வக்கீல், 1958-லேயே இங்கிலீஷ் கால்வாயை நீந்தியவர், 1966 ஏப்ரலில் இலங்கைத் தலைமன்னாரில் குதித்து மறுநாள் இங்கே வந்து சேர்ந்தார் என்று சொன்னேன். புயல் முடிந்து ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. ஊரே இடிபாடாகக் கிடந்த நேரம். வேடிக்கை பார்க்க ஆள் இருந்தால்தானே ஞாபகம் வைத்துக்கொள்ள? சினிமாவைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை.

பெரியவருக்கு ஆள் முக்கியமாகப் படவில்லை, கணக்குதான் உறுத்தியது. "எத்தனை மணி நேரம்?"

25 மணி 36 நிமிடம்.

வலையைக் கீழே போட்டுவிட்டார். "இந்தா இருக்கு தலைமன்னாரு, முப்பது கிலோமீட்டர் வருமா? அதுக்கு ஒரு நாளுக்கு மேலயா? நீவாடு இழுத்திருக்கும் தம்பி. நேரா வந்திருக்க மாட்டாரு, எங்கெங்கயோ சுத்தி வந்திருப்பாரு." நீவாடு என்றால் கடல் நீரோட்டம். மாதத்தை மட்டும் ஒத்துக்கொண்டார். பங்குனி, சித்திரையில் வாடையும் இருக்காது, தெற்கத்திக் காற்றும் பிடித்திருக்காது, கடல் கொஞ்சம் சும்மா கிடக்குமாம். இப்போது நீந்த வருகிறவர்களும் மார்ச், ஏப்ரல் பார்த்துத்தான் வருகிறார்கள்.

அதே வருஷம் அந்த மனுஷர் ஜிப்ரால்டர், டார்டனெல்ஸ், பாஸ்பரஸ், பனாமா கால்வாய் எல்லாவற்றையும் நீந்தி முடித்தார் என்றேன். அதெல்லாம் காதில் ஏறவில்லை.

"சரி, இங்கேருந்து திரும்பி நீந்திப் போனவன் எவனாச்சும் உண்டா?"

ஆழிக்குமரன் ஆனந்தன், 1971, போக வர 51 மணி நேரம், இலங்கையில் கடலோடிகள் ஊரான வல்வெட்டித்துறைக்காரர்.

"வல்வெட்டித்துறையா? அப்ப செஞ்சிருப்பான்" என்று வலையை மறுபடி விரலில் மாட்டிக்கொண்டார்.