பள்ளி போட்டோ புராஜெக்ட்: ஆங்கிள் சரியாக வரமாட்டேன் என்கிறது

கேள்வி:
நாங்கள் நாலு பேர், பத்தாம் வகுப்பு, திருவையாறு பக்கம். ‘எங்கள் ஊர்’ என்று பத்துப் படம் கேட்டிருக்கிறார்கள். இருப்பது ஒரே போன், அதுவும் அக்காவுடையது. ஞாயிற்றுக்கிழமை தஞ்சைப் பெரிய கோயிலில் எடுத்ததில் விமானம் பின்னால் சாய்ந்து விழுகிற மாதிரி இருக்கிறது, நடவு வயலில் எடுத்ததெல்லாம் வெறும் பச்சைப் பாய். எங்கே தப்பு?

பதில் 1:
200 அடிக்கு மேல் இருக்கிற விமானத்தைக் கிட்டே நின்று போனை அண்ணாத்திப் பிடித்தால் கோடுகள் மேலே போகப் போகக் குவியத்தான் செய்யும் தம்பி. நந்தி மண்டபத்துக்கும் பின்னால் போய், போனைச் சாய்க்காமல் நிமிர்த்திப் பிடித்து எடுங்கள். இல்லை, பிரமாண்டம்தான் வேண்டுமென்றால் தரையோடு உட்கார்ந்து இன்னும் அண்ணாத்துங்கள், அதுவும் ஓர் ஆங்கிள்தான்.

பதில் 2:
வயலை நின்ற உயரத்தில் எடுக்காதீர்கள். வரப்பில் குந்தி, போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தண்ணீரை ஒட்டி வரும், நாற்றுக்கு நடுவே வானம் தெரியும். (போன் சேற்றில் விழுந்தால் அக்காவுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.) காலை ஏழு மணிக்குள் போங்கள், உச்சிவெயிலில் எந்த ஆங்கிளும் எடுபடாது. அப்புறம், நடவு நடுகிறவர்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

கேட்டவர்:
சரி அண்ணா, மாடியிலிருந்து வரப்புகளை எடுக்கலாமா?

பதில் 2:
தாராளமாக. வரப்பு படத்தின் மூலையில் தொடங்கிக் குறுக்கே ஓடட்டும்.