வேலை இருக்கிறது, ஷிப்ட் இல்லை: உங்கள் பக்கம் எப்படி?

திருப்பூர், பனியன் கம்பெனி டெய்லர்

ஆர்டர் நன்றாக ஓடிய காலத்தில் எங்களுக்கு ஒன்றரை ஷிப்ட் வழக்கம். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் இரவு எட்டரைக்குத்தான் எழுந்திருப்போம். 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா இந்தியச் சரக்கு மீதான வரியை 50 சதவீதமாக்கியது. அதற்குப் பிறகும் எங்கள் லைனில் யாரையும் நிறுத்தவில்லை. முதலில் ஓவர்டைம் போனது. அப்புறம் மதியச் சாப்பாட்டுக்கு மேல் "பீஸ் வரல, கிளம்புங்க" என்றார்கள். பிறகு போன் வந்தால் மட்டும் வேலை. பீஸ் ரேட்டில் இருப்பவனுக்கு மிஷின் முன்னால் காத்திருக்கும் நேரத்துக்குக் காசு கிடையாது. சனிக்கிழமைச் சம்பளத்தில் வாடகையை எடுத்து வைத்தால் மளிகைக்குப் போதவில்லை. ஆனாலும் வேலை போனவர்கள் கணக்கில் நான் வரமாட்டேன்.

வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போகிறவன்

நீங்கள் சொல்வது சரிதான். எங்கள் அரசு வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பில், கடந்த 7 நாளில் ஏதாவது ஒரு நாள் 1 மணி நேரம் வேலை பார்த்திருந்தாலே அந்த வாரத்துக்கு அவர் வேலையில் இருப்பவர். அதனால்தான் நாள்வாரியாக எத்தனை மணி நேரம் வேலை, கிடைத்தால் இன்னும் எத்தனை மணி நேரம் செய்வீர்கள் என்றும் கேட்கிறோம். பலர் இந்த இடத்தில் சலித்துப்போய் "அதெல்லாம் போதும் சார்" என்று முடித்துவிடுகிறார்கள். செக்கிங் வேலைக்குப் போகும் ஒரு அக்காவிடம் கேட்டபோது, "வேலைக்குத்தான் போறா, எழுதிக்கோங்க" என்று கணவர் உள்ளே இருந்து குரல் கொடுத்தார். அந்த அக்கா விடவில்லை. திங்களன்று 4 மணி நேரம், செவ்வாய் இல்லை, புதன் 4 என்று விரல் விட்டு எண்ணி, "எட்டு மணி நேரமும் குடுத்தா செய்வேன் சார், யார் குடுக்கறா?" என்றார். பக்கத்து வீட்டுப் பெண்ணும் அரை நாள்தான் போகிறார். பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வர வேண்டும், அதற்கு மேல் அவருக்கு வேண்டாம். உழைத்த நேரம் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லாவிட்டால் இருவரும் ஒரே மாதிரிதான் பதிவாவார்கள். தயவுசெய்து அந்தக் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள்.

நியூஜெர்சி, துணிக்கடை ஊழியர்

இங்கே அமெரிக்காவில், அரசுக் கணக்கெடுப்பில் வேலை வாரம் 35 மணி நேரத்துக்குக் குறைந்தால், முழுநேரம் விரும்புகிறீர்களா, ஏன் குறைந்தது என்று கேட்பார்கள். 2020 ஏப்ரலில் எங்கள் கடையிலும் நேரத்தை வெட்டினார்கள். அந்த மாதம் அப்படி நேரம் குறைந்தவர்கள் நாடு முழுக்க 1.09 கோடிப் பேர், முந்தைய மாதத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அப்போது வேலையின்மை 14.7 சதவீதம். இவர்களையும், வேலை தேடித் தேடி ஓய்ந்தவர்களையும் சேர்த்த கணக்கு 22.8. இரண்டையும் ஒரே மாத அறிக்கையில் வெளியிடுகிறார்கள். இந்தியாவிலும் மாதா மாதம் வேலையின்மை விகிதம் வருகிறது. கூடுதல் நேரம் கேட்டவர்களின் கணக்கையும் அதே நாளில், அதே பக்கத்தில் போட வேண்டும். அந்த அக்கா எண்ணிச் சொன்னது அதற்காகத்தான்.

திருப்பூர் டெய்லர்

கரூர், ஈரோட்டுக்காரர்கள் எழுதுங்கள். உங்கள் பக்கம் முதலில் குறைந்தது ஓவர்டைமா, நாளா?