மறு: ‘ஃபிளேவர்’ தமிழில் என்ன? ‘உண்மணம்’ பற்றிய மறுப்புகளுக்கு

அன்புள்ள குழுவினருக்கு,

‘ஃபிளேவர்’ என்பதற்குத் தமிழ்ச்சொல்லாக முந்தாநாள் ‘உண்மணம்’ என்று ஒற்றை வரியில் எழுதி அனுப்பியது என் அவசரம். விளக்கம் தராமல் சொல்லை மட்டும் வைத்துவிட்டேன். மறுப்புகள் வந்ததில் வியப்பில்லை. பாதிக்கு மேல் நியாயமான மறுப்புகள். இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

பெங்களூரில் ஓர் உணவு ஆய்வுக்கூடத்தில் சுவைக்குழுவுக்குப் பயிற்சி தருவது என் வேலை. குழுவில் பன்னிரண்டு பேர். அவர்களில் ஏழு பேர் தமிழர்கள்: ஓசூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர்களும், இங்கே பெங்களூரின் அல்சூரிலேயே பிறந்து வளர்ந்தவர்களும். இந்த ஆண்டு எங்களிடம் வந்தவை நந்தி மலை அடிவாரத்து ஒயின்கள். குறிப்புத் தாளை நான்தான் தமிழில் அச்சிட்டேன். நிறம், மணம், சுவை என்று மூன்று கட்டங்கள். நிரப்பி வந்த தாள்களைப் பார்த்தேன். ரோஜா, கொய்யா, மிளகு, வெண்ணெய் எல்லாமே ‘சுவை’ என்ற கட்டத்தில் இருந்தன. ‘மணம்’ என்ற கட்டத்தில் ‘நன்றாக இருக்கிறது’ என்பதற்கு மேல் பெரும்பாலும் எதுவும் இல்லை.

அவர்கள் மீது தவறில்லை. நான் கொடுத்த கட்டங்கள்தாம் தவறானவை.

மறுநாள் கம்பம் பன்னீர் திராட்சை ஒரு கிலோ வாங்கிப் போனேன். மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு பழத்தை மெல்லச் சொன்னேன். இனிப்பு, புளிப்பு, தோலில் கொஞ்சம் துவர்ப்பு, அவ்வளவுதான் என்றார்கள். ‘மூக்கை விடுங்கள்’ என்றேன். ஓசூர்க்காரர் ஒருவர் ‘அட, பன்னீர்!’ என்று கண்களை அகல விரித்தார். பழமும் அதுதான், நாக்கும் அதுதான். வாயிலிருந்து தொண்டையின் பின்புறமாக மூக்குக்குள் ஏறும் காற்றுக்கு வழி திறந்தது, அது மட்டுமே மாற்றம். ரோஜாவிலும் இருக்கும் ஜெரானியால் போன்ற பொருள்கள் அந்த வழியாகத்தான் மூக்கைச் சேர்கின்றன. நாக்கு தானாக அறிவது இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு, உமாமி (காளான், இறைச்சிச் சாறு போன்றவற்றின் சுவை) என்ற சிலவற்றைத்தான். ‘சுவையாக இருக்கிறது’ என்று நாம் சொல்வதில் மிகப் பெரிய பங்கு, உள்ளேயிருந்து மூக்குக்குப் போகும் மணத்துடையது. ஜலதோஷம் பிடித்தவருக்கு ரசம் சப்பென்று இருப்பது இதனால்தான்.

அந்த உள்வழி மணத்துக்குத்தான் எனக்கு ஒரு பெயர் வேண்டும். ‘உள்’ என்பதோடு ‘மணம்’ சேர்ந்தால் உண்மணம். நாள்மலர் நாண்மலர் ஆவதைப் போல. ‘உண்’ என்ற வினையோடு ‘மணம்’ சேர்ந்து வினைத்தொகையானாலும் உண்மணம்தான். உண்கலம் என்பதைப் போல. உள்ளிருந்து எழும் மணம், உண்ணும்போது எழும் மணம் என இரண்டு பொருளும் ஒரே உண்மையைத்தான் சொல்கின்றன. இப்படி இரு வழியிலும் பிரியக்கூடிய சொல் கிடைப்பது அபூர்வம். அதனால்தான் இதை விட மனம் வரவில்லை. கிண்ணத்தை மூக்கருகே வைத்து அறிவதற்கு ‘முகர்மணம்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி மறுப்புகள்.

> ஒயினைப் பருகுகிறோம், உண்பதில்லையே. உண்மணம் எப்படிப் பொருந்தும்?

ஐயா, குறளின் தொண்ணூற்று மூன்றாம் அதிகாரத்தின் தலைப்பே ‘கள்ளுண்ணாமை’. மதுவைப் பொறுத்தவரை ‘உண்’ என்பது நம் மொழியில் வேரூன்றிய வினை. மருந்து உண்பதும் பால் உண்பதும் அப்படித்தான்.

> மணம் என்றால் நல்லது மட்டும். கெட்டுப்போன ஒயினுக்கு என்ன சொல்வீர்கள்?

இது கனமான கேள்வி. ‘நாற்றம்’ என்ற சொல் ஒரு காலத்தில் பொதுச்சொல்லாக இருந்தது. ‘சுவைஒளி ஊறுஓசை நாற்றம்’ என்று ஐம்புலனை அடுக்கும் குறளில் அது வெறும் புலனறிவின் பெயர். இன்றைக்கு அதைக் குறிப்புத் தாளில் அச்சிட்டால் முதல் கட்டத்திலேயே பேனா நின்றுவிடும். ‘வாசனை’ இந்த ஊரில் இன்னொரு சிக்கல்: தமிழில் அது நல்லது, கன்னடத்தில் ‘வாசனெ’ பெரும்பாலும் கெட்ட பக்கம் சாய்கிறது, நல்லதற்கு அவர்கள் ‘பரிமள’ என்பார்கள். ஒரே மேசையில் இரு மொழிக்காரர்கள் அமர்ந்திருக்கும்போது இது சிறிய விஷயம் அல்ல. ஆனால் ‘மணம்’ ஏற்கெனவே பொதுச்சொல்லாகிவிட்டது. நம் பள்ளி வேதியியலில் ‘நிறமற்ற, மணமற்ற வாயு’ என்றுதானே படித்தோம்? அங்கே மணம் என்பது நறுமணம் அல்ல.

கெடுதலைக் குறிக்கத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. சாராயம் மிகுந்து மூக்கைக் குத்தினால் நெடி. அசிட்டிக் அமிலம் ஏறிவிட்டால் காடி வாடை. குப்பியின் தக்கையிலிருந்து வரும் ட்ரைகுளோரோஅனிசோல் என்ற வேதிப்பொருள் ஒயினைப் பாழாக்கும்போது எழுவது, நனைந்த அட்டைப்பெட்டியை மழைக்காலத்தில் மூலையில் போட்டு வைத்தது போன்ற மக்கல் வாடை. எங்கள் குழுவில் இதை முதன்முதலில் கண்டுபிடித்தவர் அல்சூரைச் சேர்ந்த ஓர் அம்மா. ‘அரிசி மூட்டை ஈரம் பட்டு மக்கிப்போன வாடை’ என்று எழுதியிருந்தார். அந்தக் குப்பியை மறுபடி சோதித்தோம். அவர் சொன்னது சரியாக இருந்தது.

> பிளாக்கரண்ட், ராஸ்பெர்ரி எல்லாம் நமக்கு எதற்கு? எல்லாவற்றையும் நம் பழங்களாக மாற்றிவிடலாம்.

அக்கா, இந்த ஒன்றில் மட்டும் உங்களோடு உறுதியாக மாறுபடுகிறேன்.

1984இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் ஆன் நோபிள், மணங்களின் பெயர்களை வட்டமாக வகைப்படுத்திய ஒயின் மணச் சக்கரத்தை வெளியிட்டபோது அவர் வைத்த நிபந்தனை எளிமையானது. சொல் குறிப்பாக இருக்க வேண்டும்; பாராட்டாகவோ பழிப்பாகவோ இருக்கக் கூடாது. ‘நேர்த்தி’, ‘கம்பீரம்’ போன்றவற்றுக்கு அதில் இடமில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பொருளை வைத்து முகர்ந்து சரிபார்க்க முடிய வேண்டும். சாதாரண ஒயினில் ஒரு குடைமிளகாய்த் துண்டைச் சற்று நேரம் ஊறவிட்டால் ‘குடைமிளகாய்’ என்ற சொல்லுக்கான அளவுகோல் கிடைத்துவிடுகிறது. யார் முகர்ந்தாலும் அதே மணம். கலைச்சொல்லுக்கு வேண்டிய அடிப்படையும் அதுதானே?

ஆகவே என் விதி இது. வேதிப்பொருள் ஒன்றாக இருந்தால் நம் வீட்டுப் பொருளின் பெயரைத் தயங்காமல் வைப்போம். ஷிராஸ் ஒயினில் வரும் மிளகு மணத்துக்குக் காரணம் ரோட்டண்டோன் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் கண்டறிந்தார்கள். அதே பொருள்தான் மிளகிலும் இருக்கிறது. ஆகவே ‘மிளகு’ உவமை அல்ல, நேர்ப்பெயர். (ஐந்தில் ஒருவருக்கு இந்தப் பொருளின் மணம் தெரிவதே இல்லை என்றும் அந்த ஆய்வு சொன்னது. குழுவில் ஒருவர் ‘மிளகே இல்லை’ என்று சாதித்தால் அவரைக் கடிந்துகொள்ளக் கூடாது.) ஒயினை முதிரவைக்கும் ஓக் மரப் பீப்பாயிலிருந்து யூஜினால் என்ற பொருள் வருகிறது, கிராம்பின் உயிரே யூஜினால்தான். அதே மரத்தின் லாக்டோன் என்ற பொருள் தேங்காய் மணம் தரும். சார்டனே ஒயினில் மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக மாற்றும் பாக்டீரியாக்கள் டையசெட்டிலை உண்டாக்குகின்றன. வெண்ணெயில் நாம் முகர்வதும் டையசெட்டில்தான். கேபர்னே சாவிஞோன், சாவிஞோன் பிளாங்க் ஆகிய ஒயின்கள் இரண்டிலும் வரும் பச்சை மணத்துக்குக் காரணமான மீத்தாக்ஸிபைரசீனை, ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். குடைமிளகாயிலும் அதே பொருள்.

மேலைநாட்டு ஒயின் குறிப்புகளில் வரும் பிளாக்கரண்ட் பழம் அப்படி அல்ல. அதை நாவற்பழம் என்று எழுதினால் படிப்பவர் நாவற்பழத்தைத் தேடுவார், கிடைக்காது. ‘கருந்திராட்சை’ என்று ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன். அது இன்னும் மோசம். பிளாக்கரண்ட் திராட்சைக் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல. திராட்சையில் செய்த ஒயினில் கருந்திராட்சை மணம் வீசுகிறது என்று எழுதினால் அது எதையும் சொல்லவில்லை. அங்கே பிளாக்கரண்ட் பிளாக்கரண்டாகவே இருக்கட்டும். எந்த ஒயினிலாவது நாவல் மணம் உண்மையாகவே வந்தால், அன்றைக்கு நாவல் என்று எழுதுவோம்.

ஒயின் குறிப்புகளில் வரும் ‘ஃபாக்ஸி’ (foxy) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘நரிமணம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நாகை மாவட்டத்து நரிமணம் என்ற ஊர் நினைவுக்கு வருவது ஒரு பக்கம் இருக்கட்டும். பொருளிலேயே அது பொருந்தாது. ஆங்கிலச் சொல், லாப்ரஸ்கா என்ற அமெரிக்கத் திராட்சை இனத்தின் ‘நரித் திராட்சை’ என்ற வட்டாரப் பெயரோடு சேர்ந்தது. மேலைநாட்டு ஒயின்காரர்களுக்கு அது குறை. அந்த இனத்தின் கலப்பில் வந்ததுதான் நம் பெங்களூர் நீலத் திராட்சை. குழந்தைப் பருவத்திலிருந்து ‘திராட்சை ஜூஸ்’ என்றதும் நம் மூக்கில் எழும் மணம் அதுவே. லாப்ரஸ்கா மணத்தில் பெரும்பங்கு மீத்தைல் ஆந்த்ரனிலேட் என்ற பொருளுக்கு. மல்லிகையிலும் அது இருக்கிறது. மல்லிகைச் சரத்தில் நாம் கொண்டாடும் ஒன்றுக்கு நரியின் பெயரை வைக்க என் மனம் ஒப்பவில்லை. ‘நீலத்திராட்சை மணம்’ என்று எழுதுவோம். குறையா நிறையா என்பதைக் குடிப்பவர் முடிவு செய்யட்டும்.

> டானின் தரும் உணர்வுக்கு ‘கடுமை’, ‘வாய்ப்பிடிப்பு’?

வேண்டாம். ஆறு சுவையில் ஒன்றாகவே துவர்ப்பை எண்ணிய மொழியில் அதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. கன்னட நண்பர்களும் ‘ஒகரு’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். டானின் என்ற துவர்ப்புப் பொருள் உமிழ்நீரின் புரதங்களோடு பிணைந்து வாயின் வழவழப்பைப் போக்கிவிடுகிறது. அதனால் நாக்கு உலர்ந்து இழுபடுகிறது. அறிவியல் இதைச் சுவை என்பதைவிடத் தொடுவுணர்வு என்றே பார்க்கிறது. இருந்தாலும் பெயர் துவர்ப்புதான். அளவுகளையும் நம்மால் எளிதாகப் பிரிக்க முடியும்: பால் சேர்க்காத தேநீர்த் துவர்ப்பு, நாவல் துவர்ப்பு, வாழைப்பூத் துவர்ப்பு, பச்சைப் பாக்குத் துவர்ப்பு, எல்லாவற்றுக்கும் மேலே கடுக்காய். என் குழுவினர் இந்த ஏணியை ஒரே நாளில் கற்றுக்கொண்டார்கள். இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ‘துவர்’ என்றால் சிவப்பு என்றும் பொருள் உண்டு. சிவப்பு ஒயினின் நிறமும் துவர்ப்பும், சாற்றோடு சேர்ந்து நொதிக்கும் தோலிலிருந்துதான் பெரும்பாலும் வருகின்றன. அந்த இரண்டையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது தமிழ்.

ஒயின்காரர்கள் சொல்லும் ‘பூகே’ (bouquet) என்பதைப் ‘பூங்கொத்து’ என்று ஆக்க வேண்டாம். அது முதிர்ச்சியில் வரும் மணம்: தோல்பை, புகையிலை, உலர்ந்த பழம் போன்றவை. முதிர்மணம் என்றால் போதும். பழத்திலிருந்து வருவது பழமணம், நொதிக்கும்போது பிறப்பது நொதிமணம். இவற்றில் பெரிய சண்டை வராது என்று நினைக்கிறேன்.

> மதுவுக்கெல்லாம் தமிழில் கலைச்சொல் தேவையா?

குடிக்கச் சொல்லி யாரையும் அழைக்கவில்லை. எங்கள் குழுவினர்கூடச் சுவைத்துவிட்டு உமிழ்ந்துவிடுகிறார்கள். உண்மணம் என்ற சொல் ஒயினோடு நிற்காது. ஃபில்டர் காபிக்கும், தேனுக்கும், மாம்பழத்துக்கும், தாளித்த ரசத்துக்கும் அதுவே. யவனர் கொண்டுவந்த மதுவைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டு ‘தண்கமழ் தேறல்’ என்கிறது. குளிர்ச்சியையும், மணத்தையும், தெளிவையும் மூன்று சொற்களில் குறித்துவிட்டார் அந்தப் புலவர். அவருக்கு அந்தப் பேச்சு விலக்காகத் தோன்றவில்லை.

புதன்கிழமை அடுத்த அமர்வு. தாளை மாற்றிவிட்டேன்: நிறம், முகர்மணம், நாச்சுவை, துவர்ப்பு, உண்மணம் என்று ஐந்து கட்டங்கள். விழுங்கிய பிறகோ உமிழ்ந்த பிறகோ வாயில் நீடிப்பதற்கு ஆறாவதாக ஒரு கட்டம் வரைந்து, தலைப்பை வெறுமையாக விட்டிருக்கிறேன். ‘பின்சுவை’ எனக்குப் பிடிக்கவில்லை. நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தால் வரும் இனிப்பைப் போல, பிறகு புதிதாகத் தோன்றும் ஒன்றையே அது குறிக்கிறது. நீடிப்பதற்கு உங்கள் ஊரில் ஏதேனும் சொல் வழங்கினால் செவ்வாய் இரவுக்குள் எழுதுங்கள். அச்சிட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
பெங்களூரிலிருந்து