தண்ணீர் டம்ளர் சோதனை: குழந்தை பதிலை மாற்றிக்கொண்டே போனால் எதைப் பதிவது?

சிலேட்டு:
பி.எட். செயல்முறைப் பதிவேட்டுக்காக உளவியலாளர் பியாஜேயின் மாறாத்தன்மைச் சோதனையை (வடிவம் மாறினாலும் அளவு மாறாது என்று குழந்தைக்குப் புரிகிறதா என்று பார்ப்பது) 5 முதல் 7 வயது வரையுள்ள 12 குழந்தைகளிடம் நடத்த வேண்டும். முன்னோட்டத்தில் இரண்டு டம்ளரில் சமமாகத் தண்ணீர் ஊற்றி, "எதுல நிறைய இருக்கு?" என்று கேட்டால் "ரெண்டும் ஒண்ணுதான்" என்கிறார்கள். ஒன்றை ஒல்லியான உயர கிளாசுக்கு மாற்றி அதே கேள்வியைக் கேட்டால் "இதுல" என்று உயர கிளாசைக் காட்டுகிறார்கள். உறுதி செய்துகொள்ள இன்னொரு முறை கேட்டால் பதில் மாறிவிடுகிறது. எந்தப் பதிலை எழுதுவது? 7 வயதுக் குழந்தை தவறாகச் சொன்னால் 'செயலுக்கு முற்பட்ட நிலை' (பியாஜே சொல்லும், தர்க்கமாக யோசிக்கும் திறன் வருவதற்கு முந்தைய கட்டம்) என்று குறிக்கலாமா? இதே பதிவில் இன்னோர் உளவியலாளரான வைகாட்ஸ்கியையும் சேர்க்கச் சொல்கிறார்கள், எங்கே சேர்ப்பது?

தாழ்வாரம்:
முதலில் கேள்வியை மாற்றுங்கள். தமிழில் 'நிறைய' என்றால் அதிகம் மட்டும் இல்லை, விளிம்பு வரை நிரம்பியிருப்பதும்தான். குடம் நிறையத் தண்ணீர் என்கிறோம் அல்லவா? ஒல்லி கிளாசில் தண்ணீர் விளிம்புக்குப் பக்கத்தில் நிற்கும். அதைக் காட்டி "இதுலதான் நிறைய" என்கிற குழந்தை மொழிப்படி சரியாகவே சொல்கிறது. "எதுல" என்பதும் சிக்கல்தான், ஏதாவது ஒன்றில் கூடுதலாக இருந்தாக வேண்டும் என்று அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. களிமண் உருண்டையில் 'பெரிசு' என்று கேட்டாலும் இதே கதை, நீளமாக உருட்டியதைத்தான் காட்டுவார்கள்.

இப்படிக் கேளுங்கள்: "இது உனக்கு, அது எனக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே அளவு தண்ணி இருக்கா, இல்ல ஒருத்தருக்குக் கூட இருக்கா?" அடுத்த குழந்தையிடம் இரண்டு பகுதிகளையும் இடம் மாற்றிக் கேளுங்கள். கடைசியாகக் காதில் விழுந்ததையே திருப்பிச் சொல்லும் பழக்கம் 5 வயதில் நிறையப் பேருக்கு உண்டு.

பொருள்கள்: ஒரே அச்சில் வந்த இரண்டு கண்ணாடி டம்ளர், ஓர் ஒல்லி கிளாஸ். எவர்சில்வர் வேண்டாம், மட்டம் வெளியிலிருந்து தெரியாது. டம்ளருக்கு 150 மி.லி., ஒரு சொட்டு கலர் போட்டால் மட்டம் தெளிவாகத் தெரியும். ஒல்லி கிளாஸ் 200 மி.லி.யாவது கொள்ளட்டும், வழிந்தால் உண்மையிலேயே அளவு குறைந்துவிடும். டம்ளரின் அடியில் தங்கும் சொட்டுகளைச் சுட்டிக்காட்டி "இது கொஞ்சம் கம்மி" என்று சொல்லும் குழந்தையைத் தவறு என்று குறித்துவிடாதீர்கள், ஏன் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஊற்றுவதற்கு முன் "சமமா இருக்கா?" என்று குழந்தையே பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லை என்றால் சொட்டு சொட்டாக ஊற்றிச் சரிசெய்யுங்கள். இந்தப் படியை அவசரத்தில் விட்டுவிட்டால் பின்னால் வரும் பதில் எதற்கும் பொருள் இல்லை.

பல்லாங்குழி:
பதில் மாறுவதற்கு வருகிறேன். பெரியவர் ஒருவர் ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால், முதல் பதில் தப்பு போலிருக்கிறது என்று குழந்தை எடுத்துக்கொள்கிறது. வகுப்பறையில் அப்படித்தானே நடக்கிறது? 1974இல் சூசன் ரோஸ், மரியன் பிளாங்க் இருவரும் 6 வயதுக் குழந்தைகளிடம் மாற்றிய பிறகு மட்டும் ஒரே ஒரு முறை கேட்டார்கள், தவறுகள் குறைந்தன. 1984இல் சாமுவேல், பிரையன்ட் இதையே 5 முதல் 8½ வயது வரையுள்ள 252 பேரிடம் எண்ணிக்கை, களிமண், தண்ணீர் மூன்றிலும் செய்தார்கள். ஒரே கேள்வியில் தவறு குறைந்தது, ஆனால் வயது வேறுபாடு அப்படியே இருந்தது. மாற்றத்தைப் பார்க்காமல் கடைசி நிலையை மட்டும் பார்த்தவர்கள் அதிகம் தவறினார்கள். இதை விட்டுவிடாமல் எழுதுங்கள்: ஒரே கேள்வியில் சரியாகச் சொன்னவர்கள் குருட்டாம்போக்கில் சொல்லவில்லை, முதலில் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறார்கள் என்பதற்கு இதுவே ஆதாரம்.

யார் மாற்றுகிறார் என்பதும் முக்கியம். எடின்பரோவில் மெக்கரிகலும் மார்கரெட் டொனால்ட்சனும் 4 முதல் 6 வயது வரையுள்ள 80 குழந்தைகளிடம் எண்ணிக்கைச் சோதனை (சம எண்ணிக்கையுள்ள இரண்டு வரிசைகளில் ஒன்றின் நீளத்தை மாற்றிவிட்டுக் கேட்பது) நடத்தினார்கள். பெரியவர் வேண்டுமென்றே வரிசையை மாற்றியபோது சுமார் 16 சதவீதம் பேர்தான் சரியாகச் சொன்னார்கள். குறும்புக்காரக் கரடி பொம்மை வந்து கலைத்துவிட்டுப் போனபோது சுமார் 62 சதவீதம். உங்களிடம் 12 பேர் இருப்பதால் 6 பேருக்குக் கையால், 6 பேருக்குப் பொம்மையால் என்று பிரித்துப் பாருங்கள். 6 புளியங்கொட்டை, 6 சோழி, இரண்டு வரிசை போதும். மேலே போனால் சிலர் எண்ண ஆரம்பித்து, பாதியில் எண்ணிக்கையைத் தவறவிடுவார்கள்.

நத்தை:
பொம்மை முடிவை அப்படியே ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. பொம்மையின் குறும்பைப் பார்க்கும் குழந்தை வரிசையையே கவனிக்காமல் "அப்படியேதான் இருக்கு" என்று சொல்லிவிடலாம். 1986இல் மூரும் ஃப்ரையும் பொம்மை உண்மையிலேயே ஒன்றைச் சேர்க்கும்படியோ எடுக்கும்படியோ செய்து பார்த்தார்கள். அங்கே பொம்மை குழந்தைகளுக்கு உதவவில்லை, அளவு மாறியதையே பலர் தவறவிட்டார்கள். ஆகவே ஒவ்வொரு குழந்தைக்கும் அளவு நிஜமாக மாறும் ஒரு சுற்று வையுங்கள்: 6 சோழியில் ஒன்றை எடுத்துவிட்டுக் கேளுங்கள். அங்கும் "ஒண்ணுதான்" என்றால் முந்தைய சரியான பதிலுக்கு மதிப்பில்லை.

எந்தப் பதிலை எழுதுவது என்றால், முதல் பதிலையும் அதற்குச் சொன்ன காரணத்தையும். "ஏன்?" என்று நேராகக் கேட்டால் வாயடைத்துப் போவார்கள், "எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று கேளுங்கள். பியாஜே எதிர்பார்த்த காரணங்கள் மூன்று. "யாரும் ஊத்தலையே, எடுக்கலையே." "இது உயரம், ஆனா ஒல்லி." "திரும்ப ஊத்தினா அதே வரும்." இதில் ஒன்று வந்தால்தான் மாறாத்தன்மை வந்துவிட்டது என்று குறிக்கலாம்.

வைகாட்ஸ்கியைச் சோதனை முடிந்த பிறகு சேருங்கள். தவறாகச் சொன்ன குழந்தைக்கு உதவியை ஒவ்வொரு படியாகக் கூட்டுங்கள்: (1) "இன்னொரு தடவை பாரு", (2) "கிளாஸ் எவ்வளவு அகலம், பாரு", (3) "திரும்ப ஊத்தினா எது வரைக்கும் வரும்?", (4) நீங்களே திரும்ப ஊற்றிக் காட்டுங்கள். எந்தப் படியில் பிடிபட்டது என்று எழுதினால் அதுதான் வைகாட்ஸ்கி சொன்ன அண்மை வளர்ச்சி மண்டலம் (தனியாக முடியாததை உதவியோடு செய்ய முடிகிற எல்லை) பற்றிய உங்கள் தரவு. தனியாகச் செய்ய முடியாத இரு குழந்தைகளில் ஒருவருக்கு 2ஆம் படி போதும், இன்னொருவருக்கு 4ஆம் படியும் போதாது, இருவரும் ஒரே இடத்தில் இல்லை. ஒன்று மட்டும்: 'சாரம் கட்டுதல்' (இப்படித் தேவைக்கேற்ப உதவி கொடுப்பது) வைகாட்ஸ்கியின் சொல் என்று எழுதாதீர்கள், வழிகாட்டி நூல்கள் பலவற்றில் இந்தப் பிழை உண்டு. அவர் இறந்தது 1934இல். அந்தச் சொல் வுட், புரூனர், ராஸ் மூவரும் 1976இல் எழுதிய கட்டுரையில் வந்தது.

சிலேட்டு:
மிக்க நன்றி. கேள்வியையும் கிளாசையும் மாற்றிவிடுகிறேன். அந்த 7 வயதுக் குழந்தை?

தாழ்வாரம்:
நிலைப் பெயர் எதையும் எழுதாதீர்கள், தண்ணீர்ச் சோதனையில் தவறாகச் சொன்னாள் என்று மட்டும் எழுதுங்கள். பியாஜேயின் கணக்கிலேயே எண்ணிக்கை சுமார் 6, தண்ணீரும் களிமண்ணும் 7 வாக்கில், எடை 9, கன அளவு (பொருள் அடைக்கும் இடம்) 11 என்று ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வருகின்றன. அவளிடம் சோழி வரிசையையும் செய்து பாருங்கள். அதே நாளில் வேண்டாம், இரண்டு மூன்று நாள் கழித்து. முதல் சோதனையின் கேள்வி நினைவில் இருந்தால் எதைச் சொன்னால் உங்களுக்குப் பிடிக்கும் என்று பார்த்துச் சொல்வாள்.