சொந்த வகுப்பிலேயே செயலாய்வு செய்து மாட்டிக்கொண்ட கதை

செயலாய்வு என்றால் ஆசிரியரே தன் வகுப்பில் ஒரு மாற்றத்தைச் செய்து பார்த்து ஆராய்வது. ஆய்வேட்டுக்கு என் எட்டாம் வகுப்பையே எடுத்துக்கொண்டேன். தெரிந்த பிள்ளைகள், சுலபமாக முடிந்துவிடும் என்று நினைத்துத்தான் இறங்கினேன்.

தலைப்பு, கேள்வி கேட்டபின் ஆசிரியர் காத்திருக்கும் நேரம். மேரி பட் ரோ என்பவர் 1970-களிலேயே இதை அளந்து, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள், மூன்று விநாடி பொறுத்தால் பதில்கள் நீள்கின்றன என்று எழுதிவிட்டார். எனக்கு அது தலைகீழ்ப் பாடம். ஆனால் முதல் நாள் சாயங்காலமே, வகுப்பில் எடுத்த செல்போன் பதிவைக் கேட்டால், மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் பிளஸ் வருகிறது என்று கேட்ட வாயாலேயே மூச்சு விடாமல் பதிலையும் சொல்லியிருக்கிறேன்! சரி என்று மறுநாள் மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினேன். எண்ணிக்கை சரியாக இருந்தது, பையன் என்ன சொன்னான் என்பதுதான் காதில் விழவில்லை.

கேள்வித்தாள் இன்னும் மோசம். சந்தேகம் கேட்கத் தயக்கமா என்று கேட்டு, பெயர் எழுத வேண்டாம் என்றும் சொன்னேன். ஒருவர் விடாமல் 'இல்லை'. தினமும் அவர்கள் நோட்டைத் திருத்துகிறவனுக்குக் கையெழுத்து தெரியாதா, அது பிள்ளைகளுக்குத்தான் தெரியாதா? ஒரு பெண் தாளை நீட்டிக்கொண்டே, "கரெக்டா எழுதியிருக்கேனா சார்?" என்றாள். அதை வைத்து என்ன அட்டவணை போடுவது?

ஆய்வில் சேரச் சம்மதமா என்று கேட்கும் ஒப்புதல் படிவத்தில் மட்டும் ஆய்வு வழிகாட்டி காப்பாற்றினார். மார்க் போடுகிற கையே படிவத்தை நீட்டினால் யார் மறுப்பார்கள்? அதனால் பக்கத்து வகுப்பு டீச்சர் வாங்கி உறையில் போட்டு ஒட்டிவைத்தார், மார்க் பட்டியல் கொடுத்த பிறகுதான் பிரித்தேன். நான்கு பேர் மறுத்திருந்தார்கள். அதில் இரண்டு பேர் என்னிடம் ரொம்ப ஒட்டுதலானவர்கள் என்று நினைத்திருந்தேன், கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

மறுமொழி: சார், என் ஆய்வில் நான் 'ஏ' பிரிவில் புதுக் கற்பித்தல் முறை, 'பி' பிரிவில் பழைய முறை என்று பிரித்தேன். மூன்றாவது வாரமே 'பி' பிள்ளைகள் வந்து "எங்களுக்கு மட்டும் ஏன் டீச்சர் அது இல்லை?" என்றார்கள். பாதிப் பேர் ஏற்கெனவே 'ஏ' பிரிவு நோட்டைப் பார்த்து எழுதிவிட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய முறையிலேயே விட்ட கட்டுப்பாட்டுக் குழு காகிதத்தில்தான் இருந்தது. நான் இன்னொரு தப்பும் செய்தேன். முன்தேர்வில் ரொம்பக் குறைந்த மார்க் வாங்கியவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து, பின்தேர்வில் ஏறியதும் முறைதான் காரணம் என்று எழுதிவிட்டேன். அன்றைக்கு ஏதோ சரியில்லாமல் கோட்டை விட்டவர்களில் சிலர், ஒன்றுமே செய்யாவிட்டாலும் அடுத்த தேர்வில் ஏறியிருப்பார்கள். வாய்மொழித் தேர்வில் அதைத்தான் முதலில் பிடித்தார்கள். அது போகட்டும், மறுத்த அந்த நான்கு பேரின் குரல் உங்கள் செல்போன் பதிவில் இருக்குமே, என்ன செய்தீர்கள்?

அதுதான் டீச்சர் இப்போதைய தலைவலி. அவர்கள் பேசியதை எழுத்தில் எடுக்கவில்லை. ஆனால் அதிகம் பேசுகிற பையனே அதில் ஒருவன். அவனை நீக்கினால், மற்றவர்கள் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்றே புரியவில்லை. காதால் கேட்டுவிட்டதை எப்படி அழிப்பது என்றும் தெரியவில்லை. இதில் மாட்டியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.