கால்பந்து கூட்டம் மட்டும் ஏன் வேற மாதிரி? நேர்ல பாத்தவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். வேலை கொல்கத்தாவுல, செக்டர் ஃபைவ். ஊர்ல இருந்த வரைக்கும் கிரிக்கெட்டைத் தவிர வேற எதையும் ஸ்டேடியத்துல போய் பாத்தது கிடையாது. ஆபீஸ்ல சீனியர் ஒருத்தர் ஈஸ்ட் பெங்கால் கால்பந்து கிளப் வெறியர், அவர்தான் டெர்பிக்கு, அதாவது ஒரே ஊர் டீமுங்க ரெண்டும் மோதற மேட்ச்சுக்கு, டிக்கெட் எடுத்து இழுத்துட்டுப் போனாரு. முந்தின நாளே "பச்சை சட்டை மட்டும் போட்டுட்டு வந்துடாத"ன்னு கண்டிஷன், ஏன்னா பச்சையும் மெரூனும் மோகன் பகான் கலரு, இவங்க சிவப்பு மஞ்சள். எனக்கு டீமே கிடையாது சார்னு சொன்னதுக்கு, டெர்பியில அப்படி ஒருத்தன் இருக்க முடியாதுன்னு சிரிக்காம சொன்னாரு.

பைபாஸ் ரோட்டுல மட்டடார் வண்டிகள் வரிசையா வருது, ஒவ்வொண்ணுலயும் இருபது முப்பது பேர் தொங்கிட்டு, கொடி, மேளம், பட்டாசு, எதிர் டீம் வண்டி பக்கத்துல வந்தா ரெண்டு பக்கமும் கெட்ட வார்த்தை, ஆனா எல்லாரும் பாடிக்கிட்டே திட்டுறாங்க. கேட்ல போலீஸ் சில்லறைக் காசு, தண்ணி பாட்டில் எல்லாத்தையும் வாங்கி வச்சுக்கறாங்க. ரெண்டு டீமுக்கும் கேட் தனித்தனி, கேலரியும் தனித்தனி.

உள்ள போனப்புறம் ஒண்ணு கவனிச்சேன். சேப்பாக்கத்துல கூட்டம் பிட்ச்சைப் பாக்கும், மீதி நேரம் பெரிய ஸ்க்ரீனைப் பாக்கும். இங்க பாதிப் பேரு எதிர் கேலரியைத்தான் பாத்துட்டு இருக்காங்க. அங்க என்ன பேனர் தூக்குறான், என்ன பாட்டு பாடுறான், அதுக்கு நாம என்ன பதில் பாட்டு பாடணும், எல்லாம் அதான். எங்க டீம் ஒரு கோல் போட்டுச்சு, என் பக்கத்துல இருந்த பெரியவர் கோல் போட்ட பிளேயரைக் கூடப் பாக்கல, எதிர்க் கேலரி பக்கம் திரும்பி ரெண்டு கையையும் விரிச்சு நின்னாரு. அவருக்கு மேட்ச் அங்கதான் நடக்குது.

இதுக்கு வேர் ஆழமா இருக்கு. மோகன் பகான் 1889ல ஆரம்பிச்சது, பழைய கொல்கத்தாக்காரங்க டீம், 1911ல ஒருத்தரைத் தவிர மத்தவங்க ஷூ போடாமலே ஆடி இங்கிலீஷ்காரன் ராணுவ டீமை ஜெயிச்ச பெருமை அவங்களுக்கு. ஈஸ்ட் பெங்கால் 1920, கிழக்கு வங்கத்துல இருந்து வந்தவங்க டீம், பிரிவினைக்கு அப்புறம் அகதியா வந்து எல்லாத்தையும் இழந்து உக்காந்த குடும்பங்களுக்கு இந்த ஊர்ல தலை நிமிந்து சொல்லிக்க இருந்தது அந்த கிளப்தான். 2020 ஜனவரி டெர்பியில குடியுரிமைச் சட்டப் பிரச்சனை நடந்தப்ப, "ரத்தம் கொடுத்து வாங்கின மண்ணு, காகிதம் கொடுத்து இல்ல"ன்னு ஈஸ்ட் பெங்கால் கேலரியில பெரிய பேனர் தூக்கினாங்க. ஐபிஎல்ல இந்த மாதிரி ஒண்ணு நெனச்சுப் பாக்க முடியுமா?

*

நல்ல பதிவு ப்ரோ, ஆனா கிரிக்கெட் கூட்டம் ஏதோ சாது மாதிரி எழுதிட்டீங்களே. உங்க கொல்கத்தாவுலயே, ஈடன்லயே, 1996 வேர்ல்ட் கப் செமி ஃபைனல் மறந்துபோச்சா? இந்தியா 120க்கு 8 விக்கெட், பாட்டில் பறக்குது, கேலரியில தீ வைக்கறாங்க, மேட்ச் ரெஃப்ரீ கிளைவ் லாய்டு மேட்சை அப்படியே இலங்கைக்குக் கொடுத்துட்டாரு. 1999ல சச்சின் பாகிஸ்தான் பௌலர் ஷோயப் மேல மோதி ரன் அவுட் ஆனதுக்கு மறுபடி கலாட்டா, கடைசியில கூட்டத்தை மொத்தமா வெளிய அனுப்பிட்டு காலி ஸ்டேடியத்துல மேட்சை முடிச்சாங்க. அதனால ஃபுட்பால் மட்டும்தான்னு சொல்றது ஓவர்.

*

மறக்கல. ஆனா வித்தியாசம் இருக்கு பாருங்க, 1996ல அவ்வளவு பேரும் ஒரே டீம் ஆளுங்க, கோவம் சொந்த டீம் மேல, தோத்துட்டாங்களேன்னு. எதிர்ல அடிச்சுக்க ஆளே இல்ல. அதே ஈடன்ல 1980 ஆகஸ்ட் 16, கால்பந்து டெர்பி, கேலரியில சண்டை மூண்டு நெரிசல்ல 16 பேர் செத்தாங்க. அங்க ரெண்டு பக்கமும் ஆள் இருந்தான். இன்னிக்கும் வருஷா வருஷம் அந்தத் தேதியில ரத்ததான முகாம் நடத்துறாங்க.

அப்புறம் இதே ஆளுங்கதான் 2024 ஆகஸ்ட்ல ஆர்.ஜி. கர் ஆஸ்பத்திரி டாக்டர் பொண்ணு கொலை விவகாரத்துல, போலீஸ் பத்தாதுன்னு டூரண்ட் கப் கால்பந்துப் போட்டியோட டெர்பியைக் கேன்சல் பண்ணினப்ப, ரெண்டு டீம் ஜெர்சியும் ஒண்ணா சேந்து ஸ்டேடியத்துக்கு வெளிய போராட்டம் பண்ணாங்க. ஊரோட இன்னொரு கிளப் முகமதன் ரசிகர்களும் வந்தாங்க. தடியடி எல்லாருக்கும் பொதுவா விழுந்துச்சு.

*

நான் லண்டன். ஓவல்ல டெஸ்ட் மேட்ச் போனா காலையில பதினொரு மணிக்கே பியர், சாயந்தரம் வரைக்கும் பியர், காலி கப்பை அடுக்கி அடுக்கிப் பாம்பு மாதிரி ஸ்டாண்டு முழுக்க நீட்டி விளையாடுவாங்க, செக்யூரிட்டி வந்து புடுங்கினா மொத்த ஸ்டாண்டும் கூச்சல். நான் இந்தியா ஜெர்சி, பக்கத்து சீட்டு வெள்ளைக்காரத் தாத்தா இங்கிலாந்து தொப்பி, அவர் கொண்டுவந்த சாண்ட்விச்சுல எனக்குப் பங்கு. ட்விக்கனம் ரக்பியிலயும் இதே கதைதான், எவன் எந்த டீம்னாலும் கலந்து உக்காந்து குடிக்கறான்.

அதே ஊர்ல ஃபுட்பாலுக்குப் போங்க. ஒரு ஃப்ரெண்டு அவே டிக்கெட் (வெளியூர் டீம் ரசிகர்களுக்கான டிக்கெட்) இருக்குன்னு கூட்டிட்டுப் போனான். ஸ்டேஷன்ல இருந்தே போலீஸ், குதிரை மேல ரெண்டு பேரு. நம்ம கலர் ஸ்கார்ஃபோட ஹோம் ஸ்டாண்டுல உக்காந்தா வெளிய தள்ளிடுவான். சீட்டுல பியர் கிடையாது, 1985 சட்டப்படி கிரவுண்டு கண்ணுக்குத் தெரியற இடத்துல குடிக்கவே கூடாது. அதனால என்ன நடக்குது, ஹாஃப் டைம் பதினஞ்சு நிமிஷத்துல கீழ வரிசையில நின்னு ரெண்டு பைண்ட்டை மடக் மடக்குன்னு ஊத்திட்டு மேல ஓடுறான், இதுக்கு நிதானமா சீட்டுலயே குடிக்க விட்டிருக்கலாம். கிரவுண்டுக்குள்ள எறங்கினா 1991 சட்டத்துல கிரிமினல் குத்தம், அந்தச் சட்டமே ஃபுட்பாலுக்கு மட்டும்தான். ஆட்டம் ஒண்ணுக்கொண்ணு வேறயோ இல்லயோ, ரசிகனை நடத்துற விதம் வேற.

ஆட்டமும் வேறதான், அதையும் சொல்லணும். கிரிக்கெட்ல ஒவ்வொரு பந்துக்கும் நடுவுல மூச்சு விடலாம், போய் டீ குடிச்சுட்டு வரலாம். இங்க எண்பது நிமிஷம் ஒண்ணுமே நடக்கல, அவ்வளவு பேரும் நின்னுக்கிட்டே, பாடிக்கிட்டே, உள்ள டென்ஷன் ஏறிட்டே இருக்கு, திடீர்னு ஒரு கோல். பின்னாடி நின்னவன் என் மேல வந்து விழுந்தான், நான் முன்னாடி சீட்டுல முட்டி ரெண்டு முழங்காலும் கன்னிப்போச்சு, யாருன்னே தெரியாத ஒரு தாடிக்காரன் என் தலையில முத்தம் கொடுத்தான். வலி வீட்டுக்கு வந்தப்புறம்தான் தெரிஞ்சுது. டிஜே பாட்டு போட்டு "சத்தம் போடுங்க"ன்னு ஸ்க்ரீன்ல எழுதிக் காட்டினா வர்ற சத்தம் இல்ல இது.

இன்னொண்ணு, கூட்டம்னாலே ரவுடின்னு முடிவு பண்ணிட்டு கையாண்டா என்ன ஆகும்னு ஹில்ஸ்பரோ இருக்கு. 1989, அந்த ஷெஃபீல்டு கால்பந்து ஸ்டேடியத்துல நெரிசல், 97 உயிர். குடிச்சுட்டு வந்த ரசிகன்தான் காரணம்னு பழி போட்டாங்க. 2016ல ஜூரி சட்டவிரோதக் கொலைன்னும் ரசிகர்கள் மேல தப்பில்லன்னும் தீர்ப்பு சொல்ல 27 வருஷம் ஆச்சு.

*

அண்ணா, நானும் லண்டன்தான், ஒரு விஷயம் யாருமே சொல்லல. ஃபுட்பால்னா எந்த ஃபுட்பால்? 2021 ஜூலை 11, யூரோ (ஐரோப்பிய நாடுகளோட கால்பந்துக் கோப்பை) ஃபைனல், வெம்ப்ளி ஸ்டேடியம், இங்கிலாந்து இத்தாலி. எங்க வீடு பக்கம்தான், அன்னிக்கு மதியமே ரோடு முழுக்க பாட்டில் ஒடஞ்சு கிடக்கு, மரத்து மேல, பஸ் மேல ஆளுங்க, நான் கடைக்குப் போறதையே விட்டுட்டேன். டிக்கெட் இல்லாம கிட்டத்தட்ட 2,000 பேர் உள்ள புகுந்துட்டாங்க, வீல்சேர்காரங்களுக்கு வச்ச கேட்டைக் கூட விடல.

அடுத்த வருஷம் அதே ஜூலை, அதே வெம்ப்ளி, அதே இங்கிலாந்து, பெண்கள் யூரோ ஃபைனல். 87,192 பேர். நான் என் பொண்ணைக் கூட்டிட்டுப் போனேன். எங்களுக்கு முன் வரிசையில ஒரு ஜெர்மனி குடும்பம், அவங்க கோல் போட்டப்ப எழுந்து குதிச்சாங்க, யாரும் ஒண்ணும் சொல்லல. இங்கிலாந்து எக்ஸ்ட்ரா டைம்ல ஜெயிச்சப்ப காது கிழியற மாதிரிதான் கத்தினோம், சத்தம் கம்மின்னு நெனச்சுடாதீங்க. ரெண்டுமே ஃபுட்பால். பால் அதே சைஸ்தான்!

*

அக்கா சொல்றது பாயிண்ட். ஆனா ஆம்பளைக் கூட்டம்னாலே அடிதடின்னும் முடிச்சுட முடியாது. 2004 யூரோ போர்ச்சுகல்ல நடந்துச்சு, கூட்டத்தோட மனநிலையை ஆராய்ச்சி பண்ற கிளிஃபோர்ட் ஸ்டாட் மாதிரி ஆளுங்க பேச்சைக் கேட்டு மேட்ச் நடந்த ஊர்கள்ல போலீஸ் ஹெல்மெட், கேடயம் இல்லாம ரசிகர்களோட கலந்து பேசிட்டு நின்னாங்க, இங்கிலாந்து ரசிகர்கள் பல்லாயிரம் பேர் வந்தும் பெருசா ஒண்ணும் நடக்கல. அதே டோர்னமென்ட்ல மேட்ச்சே இல்லாத பீச் ஊரு அல்புஃபெய்ரா, அங்க வேற போலீஸ் படை, பழைய ஸ்டைல். ரெண்டு ராத்திரி கலவரம்.