பட்டியலில் இருக்கும் வாடிக்கையாளர் தேடினால் இல்லை: உபுண்டு மேம்படுத்தலுக்குப் பின் போஸ்ட்கிரெஸ் குழப்பம்

தேக்கா கணக்குப்பிள்ளை

வணக்கம். சிங்கப்பூர் சிராங்கூன் சாலைக்குப் பின்புறம் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். கணினி படித்தவன் அல்லன். முதலாளியின் அக்காள் மகன் வெளிநாட்டு வேலைக்குப் போகுமுன் ஒரு பழைய கணினிப் பெட்டியில் உபுண்டு 18.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தையும் போஸ்ட்கிரெஸ் 10 என்ற தரவுத்தள மென்பொருளையும் ஏற்றி, "மாமா, இது தானாக ஓடும்" என்று சொல்லிவிட்டுப் போனான். தானாகத்தான் ஓடியது. கையை வைத்துக் கெடுத்தவன் நான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை 20.04-க்கு மேம்படுத்தினேன். கேட்ட கேள்விக்கெல்லாம் 'ஆம்' என்று தட்டினேன். மறுநாள் காலை பில் வழக்கம்போல வந்தது. மூன்றாம் நாள் வாம்போவிலிருந்து ஓர் அம்மா பொன்னி அரிசி பத்துக் கிலோ வேண்டும் என்று அழைத்தார். கல்லாவில் இருக்கும் பெண் அவருடைய குறியீட்டைத் தட்டினால் "அப்படி ஒருவர் இல்லை" என்கிறது திரை. மாத அறிக்கையில் அதே அம்மா, அதே குறியீடு, 62 வெள்ளி பாக்கியோடு இருக்கிறார்! இவரைப் போல இன்னும் சிலர். எல்லாருக்கும் இப்படி ஆகவில்லை. 3,800 பேரில் சிலருக்கு மட்டும்.

நினைவகம் போதவில்லை என்று நினைத்து, போஸ்ட்கிரெஸின் அமைப்புக் கோப்பில் ஷேர்டு_பஃபர்ஸ் என்ற நினைவக அளவை 128 எம்பியிலிருந்து 2 ஜிபி ஆக்கினேன். பெட்டியை அணைத்துப் போட்டேன். ஒரு மாற்றமும் இல்லை. எரிச்சலில் அதே கோப்பில் வேண்டுமென்றே ஒரு தப்பான சொல்லை எழுதிப் பார்த்தேன். அதற்கும் சர்வர் சளைக்கவில்லை, கடை ஓடுகிறது. அப்படியென்றால் நான் எழுதுவதை யார்தான் படிக்கிறார்கள்? தீபாவளி நெருங்குகிறது. முதலாளி இன்னும் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

இரவுமுறைக்காரன்

ஐயா, அந்தத் தப்பான சொல்லை எழுதிப் பார்த்தது நல்ல வேலை. சம்பளம் வாங்குகிறவர்களே அதைச் செய்வதில்லை.

நீங்கள் திருத்தியது வேறொரு சர்வரின் கோப்பு. உபுண்டுவில் ஒவ்வொரு போஸ்ட்கிரெஸ் பதிப்புக்கும் தனித்தனி அடைவு உண்டு. 18.04-இல் வருவது 10, 20.04-இல் வருவது 12. மேம்படுத்தும்போது 12 புதிதாக, காலியாக வந்து உட்காரும். பழைய 10 தன் தரவோடு அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். இடையில் பழைய பதிப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கைகூட வந்திருக்கும். அதற்கும் நீங்கள் 'ஆம்' தட்டியிருப்பீர்கள்.

முனையத்தில் பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ் என்று தட்டிப் பாருங்கள். எந்தப் பதிப்பு எந்த போர்ட்டில் (இணைப்பு எண்ணில்) இருக்கிறது என்று சொல்லும். தரவுத்தளத்துக்குள் நுழைந்து 'ஷோ கான்ஃபிக்_ஃபைல்' என்று கேட்டால், ஓடும் சர்வர் எந்தக் கோப்பைப் படித்தது என்று அதுவே சொல்லிவிடும். ஷேர்டு_பஃபர்ஸ் மாற்றத்துக்கு கோப்பை மறுபடி படிக்கும் ரீலோடு போதாது, சர்வரை நிறுத்தித் தொடங்கும் ரீஸ்டார்ட் வேண்டும். ஆனால் ஆள் காணாமல் போவதற்கும் நினைவகத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வட்டு வைத்தியன்

பழைய பெட்டி என்கிறீர்கள். வட்டு சாகப்போகிறது. சிம் லிம் சதுக்கத்தில் ஒரு எஸ்எஸ்டி வாங்கி மாற்றுங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

தேக்கா கணக்குப்பிள்ளை

இரவுமுறைக்காரருக்கு நன்றி. 10 என்பது 5432-இல் ஓடுகிறது. 12 என்பது 5433-இல் 'டவுன்' என்று சிவப்பாகக் கிடக்கிறது. என் தப்பான சொல் அதைத்தான் கொன்றிருக்கிறது, பாவம். சரியான கோப்பில் மாற்றி ரீஸ்டார்ட் செய்தேன். மாத அறிக்கை முன்னைவிட வேகமாக வருகிறது. வாம்போ அம்மா வரவில்லை.

வட்டைச் சோதித்தேன், பிழை எதுவும் இல்லை. எஸ்எஸ்டி வாங்கக் காசு கேட்டால் முதலாளி என்னை மாற்றிவிடுவார்.

பூன் கெங் நிர்வாகி

அண்ணே, காணாமல் போனவர்களின் குறியீடுகளை அப்படியே எழுதுங்கள். பெயர், தொலைபேசி எண் எதுவும் வேண்டாம்.

தேக்கா கணக்குப்பிள்ளை

புளோக் (அடுக்குமாடிக் கட்டட) எண், மாடி, வீட்டு எண் மூன்றையும் கோடு போட்டுச் சேர்த்ததுதான் குறியீடு. ஒரே எண் இரண்டு தெருவில் வந்தால் கடைசியில் ஓர் எழுத்து. கிடைக்காதவை 11-05-112, 11-08-96, 38-09-71, 90-12-340. இன்னும் ஐந்தாறு உண்டு. எழுதும்போதுதான் கவனிக்கிறேன், எல்லாமே இரண்டு இலக்க புளோக்குகள். தோ பாயோவின் மூன்று இலக்கக்காரர்கள் ஒருவரும் தொலையவில்லை.

பூன் கெங் நிர்வாகி

அதைத்தான் எதிர்பார்த்தேன். உங்கள் தரவு பத்திரமாக இருக்கிறது. அதைத் தேடப் பயன்படும், வரிசைப்படுத்திய குறிப்புப் பட்டியலான இண்டெக்ஸ்தான் பொய் சொல்கிறது.

உரைச் சொற்களில் எது முன், எது பின் என்பதை போஸ்ட்கிரெஸ் வழக்கமாகத் தானே தீர்மானிப்பதில்லை. லினக்ஸின் ஜிலிப்சி நூலகத்தைக் கேட்கும். 2018 ஆகஸ்டில் வெளிவந்த ஜிலிப்சி 2.28-இல் அந்த வரிசை விதிகள் மாறின. 18.04-இல் இருப்பது 2.27, 20.04-இல் இருப்பது 2.31. ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் சர்வரின் காலடியில் விதி மாறிவிட்டது. தரவுக் கோப்புகளை யாரும் தொடவில்லை.

பழைய விதியில் கோட்டுக்குறிக்கு மதிப்பே இல்லாத மாதிரிதான். எழுத்தும் எண்ணும் ஒத்துப்போனால்தான் அதைப் பார்ப்பார்கள். அதனால் 11-05-112 என்பது 1105112 போலவும் 110-04-56 என்பது 1100456 போலவும் நடத்தப்பட்டன. 110-ஆம் புளோக்குக்காரர் முன்னால் நின்றார். புதிய விதியில் கோட்டுக்குறி எண்களுக்கு முன்னால் வரும். இப்போது 11-ஆம் புளோக்குக்காரர் முன்னால் நிற்க வேண்டும். இண்டெக்ஸ் பழைய வரிசையில் அடுக்கப்பட்டிருக்கிறது, தேடுகிறவர் புதிய வரிசையை நம்பி நடக்கிறார். நூலகத்தில் அலமாரியை மாற்றாமல் வழிகாட்டிப் பலகையை மட்டும் மாற்றினால் எப்படியோ அப்படி.

என்னிடம் இன்னும் 18.04 ஓடும் ஒரு பெட்டி இருக்கிறது. '11', '1-1' இரண்டையும் வரிசைப்படுத்தும் சார்ட் கட்டளையில் கொடுத்தேன். பழையதில் 11 முதலில் வந்தது, 20.04-இல் 1-1 முதலில் வந்தது.

நீங்களே உறுதி செய்யலாம். எனேபிள்_இண்டெக்ஸ்ஸ்கேன், எனேபிள்_இண்டெக்ஸ்ஒன்லிஸ்கேன், எனேபிள்_பிட்மேப்ஸ்கேன் மூன்றையும் உங்கள் அமர்வில் மட்டும் 'ஆஃப்' ஆக்கிவிட்டு, வாம்போ அம்மாவைத் தேடுங்கள். இண்டெக்ஸ் இல்லாமல் அட்டவணை முழுவதையும் படிக்கும், அம்மா வருவார். உங்கள் மாத அறிக்கையும் முழுவதையும் படிப்பதால்தான் அதில் அவர் தெரிகிறார். ஆம்செக் என்ற நீட்டிப்பும் 10-உடனேயே வருகிறது. அதிலுள்ள பிடி_இண்டெக்ஸ்_செக் கெட்ட இண்டெக்ஸைக் கண்டால் வரிசை மீறப்பட்டிருக்கிறது என்று பிழை காட்டி நின்றுவிடும்.

தீர்வு ரீஇண்டெக்ஸ், அதாவது இண்டெக்ஸைப் புதிதாகக் கட்டுவது. ஆனால் பொறுங்கள். ஆள் இல்லை என்று வந்தபோது கல்லாவில் இருக்கும் பெண் என்ன செய்தார்?

தேக்கா கணக்குப்பிள்ளை

மூன்றையும் ஆஃப் ஆக்கினேன். அம்மா வந்துவிட்டார், 62 வெள்ளியோடு.

அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "இல்லை என்று சொன்னது, அதனால் புதிதாகப் பதிந்தேன்" என்கிறாள். அவள் மேல் என்ன தப்பு? ஆனால் ஒரே குறியீடு இரண்டு முறை வரக் கூடாது என்று அந்தப் பையன் தடை போட்டிருந்தானே, அது எங்கே போனது?

பூன் கெங் நிர்வாகி

தடையும் அதே இண்டெக்ஸைப் பார்த்துத்தான் சொல்கிறது. தவறான இடத்தில் தேடி, இல்லை என்று கண்டு, உள்ளே விட்டுவிட்டது.

இப்போதே ரீஇண்டெக்ஸ் கொடுத்தால் அந்த இரட்டைகளில் இடித்து, யூனிக் இண்டெக்ஸைக் கட்ட முடியாது என்று திரும்பிவிடும். ஆகவே இரவு கடை மூடியபின் செய்யுங்கள். முதலில் சர்வரை நிறுத்தி, தரவு அடைவு முழுவதையும் வேறு வட்டுக்கு நகல் எடுங்கள். சர்வரை மறுபடி ஏற்றி, அந்த மூன்றையும் ஆஃப் ஆக்கிய அமர்விலேயே குறியீடு வாரியாகக் குழுவாக்கி, ஒன்றுக்கு மேல் வருபவற்றை எடுங்கள். இரட்டையின் கீழ் எழுதிய விற்பனைகளைப் பழைய கணக்குக்கு மாற்றிய பிறகே இரட்டையை நீக்க வேண்டும். அவசரப்பட்டால் பாக்கி போய்விடும். பிறகு ரீஇண்டெக்ஸ் டேட்டாபேஸ். 10-இல் இது எழுதுவதைத் தடுத்துவிடும், தடுக்காமல் கட்டும் வசதி 12-இல்தான் வந்தது. 3,800 பேருக்கு ஒரு கோப்பி ஆறும் நேரம்கூட ஆகாது.

வரிசைப் பைத்தியம்

ஒன்று சேர்க்கிறேன். குறியீட்டு நெடுவரிசைக்கு 'சி' கொலேஷன் (வரிசை விதி) கொடுத்துவிடுங்கள். பைட் வரிசைதான், ஜிலிப்சி எத்தனை முறை மாறினாலும் அது மாறாது. வாடிக்கையாளர் பெயருக்கு மட்டும் அதைக் கொடுத்துவிடாதீர்கள். யுனிகோடு எண் வரிசையில் 'ந' முடிந்த உடனே 'ன' வரும், 'ர'வை அடுத்து 'ற', 'ல'வை அடுத்து 'ள', 'ழ', அதற்கும் பிறகுதான் 'வ'. பள்ளியில் அடி வாங்கிக் கற்ற வரிசை இது அல்ல. பெயர்களுக்கு ஐசியு என்ற வேறொரு நூலகத்தின் கொலேஷன்களில் தமிழுக்கு என்றே ஒன்று இருக்கிறது. அதில் பதிப்பு மாறினால் போஸ்ட்கிரெஸ் எச்சரிக்கவும் செய்யும்.

தேக்கா கணக்குப்பிள்ளை

நேற்று இரவு பத்தரைக்குக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். இரட்டைகள் 23. எதிர்பார்த்ததைவிட அதிகம். அவற்றைப் பிரித்துச் சேர்க்கத்தான் மூன்று மணி நேரம். பெண்டமியர் பக்கத்து ஒரு வீட்டுக்குப் பழைய கணக்கில் 84 வெள்ளி பாக்கி, புதிய கணக்கில் 20 வெள்ளி முன்பணம். அவர்களுக்கே தெரியாமல் இரண்டு மனிதர்களாக வாழ்ந்திருக்கிறார்கள். ரீஇண்டெக்ஸ் நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து முடிப்பதற்குள் முடிந்தது. காலையில் 11-05-112 என்று தட்டினேன், வந்தார்.

பெயர் வரிசையைத் தீபாவளிக்குப் பிறகு பார்க்கிறேன். அந்த 12-ஐ என்ன செய்வது? அழித்துவிடலாமா?

இரவுமுறைக்காரன்

அது காலிதான் என்று ஒருமுறை பார்த்துவிட்டு பிஜி_டிராப்கிளஸ்டர் கொடுத்து அழிக்கலாம். 10-க்கான ஆதரவு 2022 நவம்பரிலும் 12-க்கானது 2024 நவம்பரிலும் முடிந்தன, 20.04-இன் வழக்கமான ஆதரவும் 2025 மே மாதத்தோடு சரி. ஆகவே விழாக் கூட்டம் அடங்கியதும் 22.04-க்குப் போய் 14-க்கு மாறுங்கள். பிஜி_அப்கிரேடுகிளஸ்டரை அதன் இயல்பான முறையில் விடுங்கள். தரவை இறக்கி மறுபடி ஏற்றுவதால் இண்டெக்ஸ் எல்லாம் புதிதாகவே கட்டப்படும். வேகத்துக்காக, பழைய கோப்புகளையே இணைக்கும் லிங்க் முறையைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள், பழைய இண்டெக்ஸ் அப்படியே கூட வரும். இந்த முறை 'ஆம்' தட்டுமுன் கேள்வியைப் படியுங்கள், ஐயா.